மாமன் மகளும் மரபணுக் கணக்கும்

என்ன கூட்டம்?

தாராபுரம் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் வரன் பேச உட்காருகிறவர்கள் ஜாதகத்தை எடுப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுவார்கள்: "நீங்க என்ன கூட்டம்?" ஆந்தை, காடை, தூரன், பயிரன், ஓதாளன், பொருளந்தை என்று தந்தை வழியில் வரும் குலப்பிரிவுகளான கூட்டங்கள் பல. இரு வீட்டாரும் ஒரே கூட்டம் என்று தெரிந்தால் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அவர்கள் பங்காளிகள், பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. இரண்டு குடும்பமும் பத்துத் தலைமுறைக்கு முன்பே பிரிந்திருந்தாலும், ஒருவரை ஒருவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள் என்றாலும் இந்த விதி தளராது. அதே வீட்டில், தாய்மாமன் மகள் முறைப்பெண். அவள்மீது உரிமையே உண்டு. மாமன் வேறு கூட்டம் என்பதால் அவர் மகளும் வேறு கூட்டம். ஆகவே மணம் தடையில்லை.

யோசிப்பவர்களுக்கு இங்கே ஒரு முடிச்சு தட்டுப்படும். பத்துத் தலைமுறை தள்ளிய பங்காளி வீட்டில் பெண் எடுக்கக் கூடாது. ஒரே பாட்டன் பாட்டிக்குப் பேரனும் பேத்தியுமான இருவர் மணந்துகொள்ளலாம். ரத்தம் நெருங்கியது எங்கே, விலகியது எங்கே? கர்ப்பமான பெண் மருத்துவமனைக்குப் போனால் மருத்துவர் கூட்டத்தைக் கேட்பதில்லை; "சொந்தத்துல கல்யாணமா?" என்றுதான் கேட்கிறார். இது கொங்கு நாட்டுக்கு மட்டும் உரிய கேள்வியும் இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். இந்திய அளவில் அது 11 விழுக்காடுதான். ஏறத்தாழ நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டைத் தொடும் கேள்வி இது.

இதற்கு மக்களிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. "ஆயிரம் வருசமா கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம், என்ன ஆச்சு?" என்பது ஒன்று. ஐரோப்பிய அரச குடும்பங்களைக் காட்டி, "சொந்தத்துக்குள்ளேயே கட்டினதாலதான் ரஷ்ய இளவரசனுக்கு ரத்தம் உறையாத நோய் வந்தது" என்பது மற்றொன்று. இரண்டுமே பிழையானவை, பிழையின் வேரும் ஒன்றுதான். இரண்டும் உறவை அதன் பெயரால் அளக்கின்றன. மரபணுவுக்கு மாமன் என்றும் சித்தப்பன் என்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பாதை மட்டுமே: எந்த மூதாதையிடமிருந்து, எத்தனை பேர் வழியாக, எத்தனை வழிகளில் ஒரு குழந்தையை வந்து சேருகிறது என்பது. இந்த அத்தியாயம் அந்தப் பாதைகளை எண்ணக் கற்றுக்கொள்ளும் முயற்சி.

இரண்டு பிரதிகள்

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உள்ளன. ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள்: ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு பத்திர நகல்கள் இருப்பதைப் போல, ஒன்றில் எழுத்து அழிந்திருந்தாலும் மற்றதை வைத்து வேலை நடந்துவிடும். பல மரபணுக்களின் நிலை இதுதான். கெட்ட பிரதி ஒன்றும் நல்ல பிரதி ஒன்றும் கொண்டவர் முழு நலத்தோடு வாழ்வார். தம்மிடம் குறையுள்ள பிரதி இருப்பதே அவருக்குத் தெரியாது. அவரைச் 'சுமப்பவர்' என்று அழைப்போம். இரண்டு பிரதியும் கெட்டுப்போன குழந்தைக்குத்தான் நோய் வெளிப்படும். இப்படி ஒளிந்திருந்து வெளிப்படும் குறையை 'ஒடுங்கு குறை' என்பார்கள்.

கோவைக்கு மேலே உள்ள நீலகிரி இதற்கு நல்ல சான்று. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் நோய் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1952 இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அந்தப் பிரதி ஒன்றை மட்டும் சுமப்பவர்களுக்கு நோய் இல்லை. மாறாக, மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. இரண்டு பிரதியும் அப்படி அமைந்த குழந்தை வலியிலும் ரத்தசோகையிலும் துன்பப்படுகிறது. சுமப்பது குற்றமோ இழிவோ இல்லை என்பதை இந்த ஒரு நோயே காட்டிவிடும். உண்மையில், நல்ல உடல்நலத்தோடு நடமாடும் ஒவ்வொருவரிடமும் ஏதோ சில மரபணுக்களில் இப்படி ஒரு கெட்ட பிரதி ஒளிந்திருக்கிறது. எந்தச் சாதியும் எந்தக் குடும்பமும் இதற்கு விலக்கில்லை.

முன்பின் தெரியாத இருவர் மணந்தால், அவர்கள் சுமக்கும் கெட்ட பிரதிகள் பெரும்பாலும் வெவ்வேறு மரபணுக்களில் இருக்கும். கணவனிடம் பழுதானது மனைவியிடம் நன்றாக இருக்கும், பிள்ளை தப்பித்துவிடும். உறவினர் மணந்தால், ஒரே பாட்டனிடமிருந்த ஒரே கெட்ட பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பிறக்கும் பிள்ளையிடம் அது இருபுறமிருந்தும் வந்து சேரலாம். உறவு மணத்தின் ஆபத்து முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். உறவு மணம் புதிதாக எந்தக் குறையையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே ஒளிந்திருந்ததை இரட்டிப்பாக்கி வெளியே கொண்டுவருகிறது.

ஒரு குழந்தையின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பை அளக்க ஓர் எண் வேண்டும். அதை 'ஒருமூலப் பங்கு' என்று பெயரிட்டுக்கொள்வோம். அந்த எண்ணை எப்படிப் பெறுவது என்று பார்க்க, தமிழ்நாட்டு வரலாற்றிலேயே தெளிவாகப் பதிவான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சோழரும் வேங்கியும்

முதலாம் ராஜராஜன் (985–1014) கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட வேங்கி நாட்டின் வாரிசுச் சண்டையில் தலையிட்டு, கீழைச் சாளுக்கியரான சக்திவர்மனை அரியணையில் ஏற்றினான். அந்த நட்பை உறுதி செய்ய, சக்திவர்மனின் தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையை மணமுடித்தான். (ராஜராஜனின் புகழ்பெற்ற அக்காளுக்கும் இதே பெயர், இவள் வேறு.) இவர்களுக்குப் பிறந்தவன் ராஜராஜ நரேந்திரன். தெலுங்கில் மகாபாரதத்தை எழுதத் தொடங்கிய நன்னயரை ஆதரித்தவன் இவனே. இந்த நரேந்திரன் தன் தாய்மாமன் முதலாம் ராஜேந்திரனின் மகள் அம்மங்கை தேவியை மணந்தான். அவர்களுடைய மகன் தன் தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். 1070 இல் சோழ அரியணை ஏறி முதலாம் குலோத்துங்கன் என்று பெயர் பெற்று, ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்டவன் இவன்தான்.

மூன்று தலைமுறை, முதலில் சோழப் பெண் வேங்கிக்குப் போகிறாள், பின் அடுத்தடுத்து இருமுறை மகன் மாமன் மகளைக் கட்டுகிறான். தாராபுரத்துக் குடும்பம் ஒன்று இதைக் கேட்டால் எந்த வியப்பும் அடையாது. தோட்டமும் உறவும் சிதறாமல் காக்க அவர்கள் செய்வதையே இரண்டு அரசுகள் நாட்டைக் காக்கச் செய்தன. பலனும் கிடைத்தது: சோழ நேர்வாரிசு அற்றுப்போனபோது, தந்தை வழியில் சாளுக்கியனாகவும் தாய் வழியில் சோழனாகவும் இருந்த ஒருவன் இரு நாட்டையும் இணைத்து ஆள முடிந்தது. தந்தை வழியை மட்டும் எண்ணினால் குலோத்துங்கன் சாளுக்கியன், மதுராந்தகி சோழச்சி, கூட்டம் வேறு. பாதையை எண்ணினால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

பாதையை எண்ணுவது

முதலில் குலோத்துங்கனையே எடுத்துக்கொள்வோம். அவன் பெற்றோர் நரேந்திரனும் அம்மங்கையும் மாமன் அத்தை மக்கள். குந்தவையும் முதலாம் ராஜேந்திரனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று கொண்டு கணக்கிடுவோம். வேறு தாய் என்றால் அந்த இணைப்பின் பங்கு பாதியாகும், அவ்வளவே. ராஜராஜனிடமிருந்த ஏதேனும் ஒரு மரபணுவின் ஒரு பிரதியைப் பின்தொடர்வோம். பெற்றோர் தம்மிடமுள்ள இரண்டில் ஒன்றைத்தான் பிள்ளைக்குத் தருவதால், ஒவ்வொரு படியிலும் வாய்ப்புப் பாதியாகிறது. ராஜராஜனிடமிருந்து குந்தவைக்கு, அவளிடமிருந்து நரேந்திரனுக்கு, அவனிடமிருந்து குலோத்துங்கனுக்கு என்று மூன்று படிகள்: வாய்ப்பு 8 இல் 1. மறுபுறம் ராஜராஜனிடமிருந்து ராஜேந்திரன், அம்மங்கை, குலோத்துங்கன் என்று இதுவும் மூன்று படிகள்: 8 இல் 1. அதே பிரதி இரு வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு 64 இல் 1. ராஜராஜனிடம் இரண்டு பிரதிகள், அவன் மனைவியிடம் இரண்டு. நான்குக்கும் சேர்த்து 64 இல் 4, அதாவது 16 இல் 1. குலோத்துங்கனின் ஒருமூலப் பங்கு இதுதான்: ஏறத்தாழ 6 விழுக்காடு.

அடுத்து அவனுக்கும் மதுராந்தகிக்கும் பிறந்த பிள்ளைகளைப் பார்ப்போம். பெயரளவில் இதுவும் அதே மாமன் மகள் திருமணம்தான். அண்மை வழியில் கிடைப்பதும் அதே 64 இல் 4. ஆனால் இங்கே பழைய முடிச்சு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ராஜராஜனின் பிரதி குந்தவை, நரேந்திரன், குலோத்துங்கன் வழியாக நான்கு படிகளில் பிள்ளைக்கு வரலாம். ராஜேந்திரன், இரண்டாம் ராஜேந்திரன், மதுராந்தகி வழியாகவும் நான்கு படிகளில் வரலாம். ஒவ்வொன்றும் 16 இல் 1. இரண்டும் ஒருசேர நிகழ 256 இல் 1. நான்கு பிரதிகளுக்கும் சேர்த்து 64 இல் 1. மொத்தம் 64 இல் 5, அதாவது ஏறத்தாழ 8 விழுக்காடு. உறவின் பெயர் மாறவில்லை, எண் கூடிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் அதே வீட்டில் பெண் எடுத்தால் பழைய கடன் தீராமல் புதிய கடன் அதன்மேல் ஏறுகிறது. 'மாமன் மகள்' என்ற சொல் இந்தக் குவிப்பை நமக்குக் காட்டாது. பாதைகளை எண்ணினால்தான் தெரியும்.

இந்தக் குவிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஐரோப்பா காட்டியது. ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தார் பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணந்தார்கள். நான்காம் பிலிப் தன் உடன்பிறந்தாள் மகளையே மணந்தார். அவர்களுடைய மகன் இரண்டாம் சார்லஸின் ஒருமூலப் பங்கை 2009 இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: 25 விழுக்காட்டுக்கும் சற்று மேல். மாமன் அக்காள் மகளை ஒரே ஒரு தலைமுறை மணந்தால் வருவது 12.5 விழுக்காடு, அண்ணனும் தங்கையும் கூடினால் வருவதே 25 விழுக்காடு. சார்லஸ் பிறந்ததிலிருந்து நலிந்தே வாழ்ந்து, வாரிசின்றி 1700 இல் இறந்தார்; அதையொட்டி ஐரோப்பாவில் பெரும் போர் மூண்டது.

ரஷ்ய இளவரசனும் எக்ஸ் பாதையும்

அப்படியானால் ரஷ்யாவின் கதையும் இதுதானே என்று தோன்றும். இல்லை. எல்லாரும் எடுத்துக்காட்டும் அந்தக் கதை இந்த வகையைச் சேர்ந்ததே அல்ல.

முதல் உலகப் போரில் மோதிய அரசர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கிய சொந்தம். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலசும் பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜும் அக்காள் தங்கை பிள்ளைகள். இருவர் தாயாரும் டென்மார்க் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் மகள்கள். ஜெர்மன் கைசர் இரண்டாம் வில்லியமும் ஐந்தாம் ஜார்ஜும் விக்டோரியா மகாராணியின் பேரன்கள். நிக்கோலசின் மனைவி அலெக்சாண்ட்ரா விக்டோரியாவின் மகள் ஆலிஸின் மகள். கணவன் மனைவிக்குள்ளும் தூரத்து உறவு உண்டு: நிக்கோலசின் பாட்டி மரியாவும் அலெக்சாண்ட்ராவின் பாட்டன் கார்லும் ஜெர்மனியின் ஹெஸ் நாட்டு அரச குடும்பத்தில் உடன்பிறந்தவர்கள். நான்கு மகள்களுக்குப் பிறகு 1904 இல் பிறந்த மகன் அலெக்சிக்கு ரத்தம் உறையா நோய். ஒரு சிறு அடியும் உயிருக்கு ஆபத்தாகலாம். அந்தத் துயரமே சாமியார் ரஸ்புடினை அரண்மனைக்குள் கொண்டுவந்தது.

ஆனால் ரத்தம் உறைதலுக்கான அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. குரோமோசோம் என்பது மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கும் இழை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தால் மற்றது காக்கும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆகவே மகனுக்கு இந்த நோய் வருமா என்பதில் தகப்பனுக்குப் பங்கே இல்லை. அலெக்சாண்ட்ரா எந்த உறவும் இல்லாத ஒருவரை மணந்திருந்தாலும் அவர் பெறும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்றாகவே இருந்திருக்கும். அவர் அக்காள் ஐரீன் கைசரின் தம்பி ஹென்ரியை மணந்தார். ஹென்ரியும் விக்டோரியாவின் பேரனே. ஐரீனின் மூன்று மகன்களில் இருவருக்கு நோய் வந்தது; அதுவும் ஐரீன் வழியாக மட்டுமே வந்தது. விக்டோரியாவின் இன்னொரு மகள் பீட்ரிஸின் மகள் வழியாக நோய் ஸ்பெயின் அரண்மனைக்கும் சென்றது. அங்கே மாப்பிள்ளை வேறு குடும்பம். மறுபுறம், விக்டோரியாவின் மூத்த மகன் ஏழாம் எட்வர்டுக்கு அந்தப் பிரதி வரவில்லை. அவர் வழியில் வந்த பிரிட்டிஷ் அரச குடும்பம் பின்னரும் உறவுக்குள் மணந்தது. இரண்டாம் எலிசபெத்தும் கணவர் பிலிப்பும் இருவருமே விக்டோரியாவின் வழித்தோன்றல்கள். அங்கே இந்த நோய் வரவில்லை.

அரச குடும்பங்கள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுத்ததால் இந்தப் பிரதி ஓர் அரண்மனையிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியது என்பது சரி. உறவு மணத்தால் நோய் உண்டானது என்பது தவறு. 2009 இல் ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்தபோது, எக்ஸில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான் காரணம் என்று உறுதியானது. அந்த எலும்புகளை அடையாளம் காண 1990களில் உதவியவரும் ஓர் உறவினரே. தாய் வழியாக மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பின் மரபணுவை ஒப்பிட இளவரசர் பிலிப் ரத்தம் கொடுத்தார். அவர் தாயின் தாய் அலெக்சாண்ட்ராவின் அக்காள். தாய் வழியில் அறுபடாத பாதை அது.

கூட்டம் காப்பது எதை?

இப்போது நம்மிடம் நான்கு வகைப் பாதைகள் உள்ளன. மைட்டோகாண்ட்ரியா தாயிலிருந்து மகளுக்கு, மகளிலிருந்து பேத்திக்கு என்று போகிறது. எக்ஸ் தாயையும் மகனையும் தகப்பனையும் மகளையும் தொட்டு வளைந்து போகிறது. ஒய் குரோமோசோம் தந்தையிலிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. மீதமுள்ள 22 இணைக் குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களில் மிகப் பெரும்பகுதி, எல்லா வழியிலும் போகின்றன. கூட்டம் என்பது தந்தை வழியில் கடத்தப்படுவது. ஒரு கூட்டத்து ஆண்கள் ஒரே மூதாதையின் மக்கள் என்பது உண்மையானால், அவர்களுக்குப் பொதுவாக இருப்பது ஒய். அதில் உள்ள மரபணுக்களோ மிகச் சில.

இதை வைத்துப் பார்த்தால் முதலில் கண்ட முடிச்சு அவிழும். பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளிகளிடையே பொதுவான மரபணு மிக மிகச் சொற்பம். ஒவ்வொரு தலைமுறையும் பாதிபாதியாகக் கரைந்துவிட்டது. சித்தப்பன் மகள், சின்னம்மா மகள், அத்தை மகள், மாமன் மகள் நால்வரும் 16 இல் 1 என்ற அதே அளவைத்தான் தருவார்கள். முறை முதல் இருவரைத் தங்கையாக்குகிறது, பின் இருவரை முறைப்பெண்ணாக்குகிறது. மரபணு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

இதைக் கொண்டு கூட்டத்தைப் பொருளற்றது என்று ஒதுக்குவது அவசரம். 1960களின் நடுவில் பக்கத்துக் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி ஆய்வு செய்து, 1972 இல் கொங்குக் குடியானவர் சமூகம் பற்றி நூல் வெளியிட்ட மானுடவியலாளர் பிரெண்டா பெக் உள்ளிட்டோர் காட்டியபடி, கூட்டம் ஒரு சமூக ஏற்பாடு. காணி நிலம் யாருடையது, குலதெய்வக் கோயிலில் யார் முதல் மரியாதை பெறுவது, சீரில் மாமனுக்கு என்ன இடம் என்பவற்றை அது ஒழுங்குபடுத்துகிறது. பெண்ணைத் தந்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும் இடையே தலைமுறைகள் தாண்டி நிற்கும் பிணைப்பை அது உறுதி செய்கிறது. அந்த வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது. நோய்த்தடுப்பு அதன் வேலையாக இருந்ததில்லை. "வேற கூட்டம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறபோது, அது ஏற்காத பொறுப்பை அதன்மேல் சுமத்துகிறோம்.

மறுப்புகளும் விடைகளும்

"ஆயிரம் ஆண்டு வழக்கம் இது, கெடுதி என்றால் எப்போதோ அழிந்திருக்க மாட்டோமா?" என்பது வலுவான மறுப்பு. தெற்கத்தியர் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பார்கள் என்று பழங்கால வடமொழி நூலான பௌதாயன தரும சூத்திரமே குறிப்பிடுகிறது. வழக்கம் அவ்வளவு பழையது. குலோத்துங்கன் நீண்ட காலம் ஆண்டதும் உண்மை. ஆனால் ஒருமூலப் பங்கு விதி அல்ல, வாய்ப்பு. பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பெரிய பிறவிக்குறை ஏதேனும் இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் போன்ற உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 100 இல் 94, 95 பேர் நலமாகவே பிறக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் அனுபவத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. ஒரு மாவட்டத்தின் மருத்துவமனைப் பதிவேட்டில் தெளிவாகப் படும். முன்பு பச்சிளம் குழந்தைகள் காய்ச்சலிலும் பேதியிலும் பெருமளவில் இறந்தபோது, மரபுக் குறையால் இறந்தவர்களைத் தனியே எண்ண யாராலும் முடியவில்லை. தடுப்பூசியும் மருத்துவமும் மற்ற சாவுகளைக் குறைத்த பிறகே இது வெளியே தெரிகிறது.

"பல தலைமுறை உறவுக்குள் மணந்தால் கெட்ட பிரதிகள் வெளிப்பட்டு அழிந்து, குடும்பம் தூய்மையாகிவிடாதா?" என்றும் சிலர் கேட்பார்கள். சிறிதளவு அப்படி நடக்கக் கூடும். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய மாற்றங்கள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. விக்டோரியாவுக்கு முன் அந்தக் குடும்பத்தில் ரத்தம் உறையா நோய் அறியப்படவில்லை என்பதை நினைவில் கொள்ளலாம். மேலும் அந்தத் 'தூய்மை'க்கு விலை இறந்த குழந்தைகள். அதை ஒரு நன்மையாகக் கணக்கில் எழுதக் கூடாது.

மூன்றாவது, "ரத்த குரூப் வேறயா இருந்தா போதும்" என்ற நம்பிக்கை. இதைத் தமிழ்நாடெங்கும் கேட்கலாம். ரத்த வகையைத் தீர்மானிப்பது ஒன்றிரண்டு மரபணுக்கள். மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உடன்பிறந்தவர்களுக்கே ரத்த வகை வேறுபடும்.

அரிய நோயும் பொதுவான நோயும்

உறவு மணம் எல்லா நோயையும் ஒரே அளவில் கூட்டுவதில்லை என்பதையும் கணக்கு காட்டும். 10 பேரில் ஒருவர் சுமக்கும் பொதுவான ஒடுங்கு குறையை எடுத்துக்கொள்வோம். உறவில்லாத பெற்றோருக்கு அந்தக் குறையோடு பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 400 இல் 1. மாமன் மகளை மணந்தவருக்கு ஏறத்தாழ 180 இல் 1. இரு மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது. 200 பேரில் ஒருவர் மட்டும் சுமக்கும் அரிய குறை என்றால், உறவில்லாதவருக்கு 1,60,000 இல் 1. உறவினருக்கு ஏறத்தாழ 6,000 இல் 1. இருபத்தைந்து மடங்குக்கும் மேல். எங்குமே கேள்விப்படாத நோய் ஒன்று ஒரு வீட்டில் தோன்றும்போது மருத்துவர் உடனே உறவைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பிறவிச் செவிட்டுத்தன்மை தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு. உள்காதின் செல்களை இணைக்கும் கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் மாற்றம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். காது நன்றாகக் கேட்கும் பெற்றோர் இருவரும் அதே மாற்றத்தைச் சுமந்தால், நான்கில் ஒரு பிள்ளைக்குக் கேட்காமல் போகலாம். சிறு வயதிலேயே கண்டறிந்தால் காக்ளியர் கருவி பொருத்திப் பேசவைக்க முடியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. உறவில் மணந்த குடும்பத்தில் குழந்தையின் காதைப் பிறந்த சில நாட்களில் சோதிப்பது அதனால்தான் அவசியமாகிறது.

சொந்தமில்லாத சொந்தம்

இன்னொரு பாதையும் உண்டு. அதை யாரும் உறவாகக் கருதுவதில்லை. ஒரு சாதி நூற்றாண்டுக் கணக்கில் தனக்குள்ளேயே மணந்துவந்தால், அதில் உள்ள எந்த இருவருக்கும் பழைய மூதாதையர் பலர் பொதுவாக இருப்பார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதிருக்கலாம். கூட்டமோ கோத்திரமோ வேறாகவும் இருக்கலாம். 2017 இல் வெளியான ஓர் ஆய்வில் தெற்காசியாவின் 263 குழுக்களின் மரபணுக்கள் ஒப்பிடப்பட்டன. அவற்றில் 81 குழுக்கள், மரபு நோய்களுக்குப் பெயர்போன பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறைந்த எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து பெருகியவை என்று தெரிந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட குழுக்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. தென்னிந்தியாவின் வைசிய சமூகத்தில் சிலருக்கு, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து உடலில் சிதையாமல் நீண்ட நேரம் மூச்சை நிறுத்திவிடும் தன்மை இருப்பது இப்படிப்பட்ட பழைய பொதுமூலத்தின் விளைவு. மயக்க மருந்து கொடுப்பவர்கள் இதை அறிந்து நடந்துகொள்கிறார்கள். அறிந்ததால் உயிர்கள் காக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. மாமனும் அத்தையும் குறைந்தால் முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் தாமாகவே குறைவார்கள். ஆனால் பெண் கிடைக்காமல் தாராபுரத்திலிருந்து பொள்ளாச்சி, ஈரோடு என்று தேடிப் போகும் குடும்பமும் பெரும்பாலும் தன் சாதிக்குள்தான் தேடுகிறது. நெருங்கிய உறவு குறையும். பழைய பொதுமூலம் அப்படியே இருக்கும். சொந்தத்தில் கட்டவில்லை என்பதால் மட்டும் கவலை ஒழிந்தது என்று இருந்துவிட முடியாது.

வரன் பேசும்போது

அப்படியானால் உறவு மணத்தைச் சட்டம் போட்டுத் தடுப்பதா? தேவையில்லை. தெரிந்த வீட்டில் வாழப்போகும் பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, குறைந்த சீர்ச்செலவு, முதுமையில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிணைப்பு ஆகியவை உண்மையான நன்மைகள். அவற்றை வைத்து முடிவெடுப்பது அந்த இருவரின் உரிமை. அந்த முடிவு கண்ணைத் திறந்துகொண்டு எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்குக் கூட்டத்தோடு இன்னும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இரு வீட்டிலும் தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் எந்தப் பிள்ளைகள் சிறு வயதில் இறந்தார்கள்? காது கேளாமை, தசைத் தளர்ச்சி, ரத்தசோகை, ரத்தம் உறையாமை யாருக்கேனும் இருந்ததா? ரத்தம் உறையாமை என்றால், தாயின் சகோதரர்களையும் தாயின் தாய்மாமன்களையும் கவனித்துக் கேட்க வேண்டும்; எக்ஸின் பாதை அதுதான். முந்தைய தலைமுறையிலும் அதே வீட்டில் பெண் எடுத்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வி குலோத்துங்கனின் பிள்ளைகளில் கண்ட குவிப்பை வெளிக்கொணரும். குடும்பத்தில் நோய் இருந்தாலோ, இருமுறை உறவு மணம் நடந்திருந்தாலோ, மணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறலாம்; தலசீமியா போன்ற ரத்த நோய்களைச் சுமக்கிறோமா என்பதை ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும்.

இவற்றை வாய்விட்டுக் கேட்பதற்குத் தடையாக நிற்பது அறியாமையைவிட வெட்கம். குறையுள்ள பிள்ளையை மறைக்கிறார்கள். இறந்த பிள்ளையைப் பேச்சிலிருந்து அகற்றுகிறார்கள். கேட்டால் குடும்பத்துக்கு அவப்பெயர் என்று அஞ்சுகிறார்கள். விக்டோரியாவின் வழித்தோன்றல்களும் ரஷ்ய அரண்மனையும் செய்தது இதைத்தான்; அலெக்சியின் நோய் அரச ரகசியமாகக் காக்கப்பட்டது. இன்று அந்த மறைப்புக்குக் காரணமில்லை. ரத்தம் உறையா நோயின் ஒரு வகைக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளிடம் மரபணுச் சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். கெட்ட பிரதியைச் சுமப்பது யாருடைய தவறும் இல்லை, எல்லாரும் ஏதோ ஒன்றைச் சுமக்கிறோம் என்பதை ஒப்புக்கொண்டால், மறைக்க வேண்டியது எதுவும் மிஞ்சாது. கூட்டத்தின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் நினைவில் வைத்திருந்த ஊருக்கு, இரு வழியிலும் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் அவர்களின் நோய்களையும் நினைவில் வைப்பது முடியாத காரியமல்ல. அந்த நினைவை மணப்பேச்சில் திறந்து வைக்கும் குடும்பம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு எந்தச் சீரைவிடவும் பெரிய நன்மையைச் செய்கிறது.